பேஸ் கிட்டார் இருக்கு, ஆம்ப் இல்ல: திருவிழா மேடையில வாசிக்க முழு வழிகாட்டி

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர்னு நம்ம பக்கத்துல எந்த ஊர்த் திருவிழாவுக்குப் போனாலும் மேடையில பேஸ் ஆம்ப் (பேஸ் கிட்டார் சவுண்ட பெருசாக்குற ஸ்பீக்கர் பெட்டி) இருக்காது. மைக் செட் போடுறவங்ககிட்ட மிக்சர் இருக்கும், டாப் (பாட்டு, மேல் சத்தத்துக்கான ஸ்பீக்கர்) இருக்கும், பேஸ் பாக்ஸ் (அடிச் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) இருக்கும், ஆனா பேஸ் கிட்டாருக்குன்னு தனியா ஒண்ணும் கொண்டு வர மாட்டாங்க. சொந்தமா வாங்கினாலும் அந்த வெயிட்ட தூக்கிட்டு டவுன் பஸ்ல ஏறி இறங்க முடியாது, அதனால நாங்க நிறைய பேரு பல வருஷமா ஆம்ப் இல்லாமத்தான் வாசிக்கிறோம்.

புதுசா வர்ற பசங்க மொதல்ல கேக்குறது "அண்ணே, ஆம்ப் இல்லாம சவுண்டு வெளிய வருமா?"ங்கிறதுதான். தாராளமா வரும், முன்னாடி உக்காந்திருக்கிற சனத்துக்கு நல்லாவே கேக்கும். கேக்காதது நமக்குத்தான். பின்னால ஒரு ஆம்ப் இருந்தா அது பண்ற முக்கியமான வேலையே நாம வாசிக்கிறத நமக்குக் கேக்க வைக்கிறது, அது இல்லாதப்போ அந்த வேலைய வேற எதையாவது வச்சு பண்ணணும். கீழ இருக்கிற எல்லாமே இத வச்சுத்தான் சொல்றேன், வரிசைய மட்டும் மாத்தாதீங்க.

1. ரெண்டு நாள் முன்னாடியே மைக் செட்காரருக்குப் போன் பண்ணுங்க

கச்சேரி ஏற்பாடு பண்ணவர்கிட்ட கேட்டா "எல்லாம் இருக்கு தம்பி"ன்னுதான் பதில் வரும், அவருக்கு இதெல்லாம் தெரியணும்னு அவசியமும் இல்ல. சவுண்ட் ஆப்பரேட்டர் நம்பர வாங்கி நேரா அவர்கிட்டயே கேளுங்க. அண்ணே, மிக்சர் எத்தன சேனல், எனக்கு ஒரு கேனன் இன்புட் (மைக் கேபிள் சொருகுற மூணு பின் ஓட்டை) காலியா கிடைக்குமா, பேஸ் பாக்ஸ் உண்டா இல்ல டாப் மட்டும்தானா, மேடையில மானிட்டர் (வாசிக்கிறவங்க கேக்குறதுக்குன்னு வைக்கிற பாக்ஸ்) எத்தன, மிக்சர் மேடைக்குப் பக்கத்துலயா இல்ல எதிர்ல தூரத்துலயா. இந்த அஞ்சு போதும்.

இத முன்னாடியே கேக்குறதுக்குக் காரணம், பதில வச்சுத்தான் பையில எத எடுத்து வைக்கிறதுன்னு முடிவு பண்ணணும். பேஸ் பாக்ஸ் இல்லன்னு சொல்லிட்டாருன்னா டோனையே வேற மாதிரி செட் பண்ணிட்டுப் போகணும், அத மேடையில நின்னு பண்ண நேரம் கிடைக்காது.

2. பையில இருக்க வேண்டியது

முதல் பொருள் டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னல மிக்சருக்கு ஏத்த மாதிரி மாத்துற சின்னப் பெட்டி), இல்லன்னா டிஐ அவுட் இருக்கிற பேஸ் ப்ரீஆம்ப் பெடல். ரெண்டுல ஒண்ணுதான் வாங்க முடியும்னா பெடலே வாங்குங்க. பெஹ்ரிங்கர் பிடிஐ21 மாதிரி கம்மி விலைப் பெடல்லயே டோன் கன்ட்ரோலும் கேனன் அவுட்டும் சேர்ந்து வந்துடுது. வெறும் டிஐ பாக்ஸ் சிக்னல மாத்திக் குடுக்குமே தவிர டோனுக்கு ஒண்ணும் பண்ணாது, அப்புறம் மொத்தத்துக்கும் ஆப்பரேட்டர் கையத்தான் நம்பி நிக்கணும்.

அப்புறம் கிட்டாருக்கு பி38 கேபிள் (கிட்டார்ல சொருகுற பெரிய ஜாக் வச்ச கேபிள்) ரெண்டு, ஒண்ணு வாசிக்க ஒண்ணு உபரி. ஒவ்வொண்ணும் 5, 6 மீட்டருக்கு மேல வேண்டாம், ஏன்னா கிட்டார்லேர்ந்து வர்ற சிக்னல் ரொம்ப மெலிசு, நீளமான கேபிள்ல போனா மேல் சுருதி மங்கிப்போகும், கூடவே இரைச்சலையும் இழுத்துட்டு வரும். டிஐக்கு அப்புறம் போற கேனன் கேபிள் 50 மீட்டர் போனாலும் ஒண்ணும் ஆகாது. அந்த கேனன் கேபிளும் உங்க சொந்தமா ஒண்ணு வச்சுக்கோங்க, மைக் செட்காரர் கேபிள் பாட்டுக்காரங்க மைக்குக்கே பத்தாம இருக்கிற மேடை நிறைய.

இயர் மானிட்டருக்கான சின்ன ஹெட்போன் ஆம்ப், பெல்ட்டுல மாட்டுற மாதிரி வருமே அது, கூட வயர் வச்ச இயர்போன். ப்ளூடூத் இயர்போன் வேண்டவே வேண்டாம், அதுல சவுண்டு தாமதமா வரும், அத வச்சு தாளத்துல நிக்க முடியாது. 9 வோல்ட் பேட்டரி ரெண்டு, ட்யூனர், இன்சுலேஷன் டேப், டார்ச், ஒரு காட்டன் துணி, கடைசியா ஒரு கரண்ட் டெஸ்டர். டெஸ்டர் எதுக்குன்னு நாலாவது பகுதியில வரும், அத மட்டும் மறக்காதீங்க.

3. டோன வீட்டுலயே முடிச்சுட்டுப் போங்க

பெடல ஹெட்போன்ல கேட்டு செட் பண்ணினா வீட்டுல சொர்க்கம் மாதிரி இருக்கும், மேடையில ஒரே கொழகொழன்னு போகும். ஹெட்போன்ல அடிநாதம் ஈசியா கேக்குறதுதான் காரணம். அதனால ரெண்டு தடவ கேளுங்க, ஒரு தடவ ஹெட்போன்ல, இன்னொரு தடவ ஒரு சின்ன ஸ்பீக்கர்ல வயர் போட்டு. சின்ன ஸ்பீக்கர்ல எந்த நோட் வாசிக்கிறோம்னு தெளிவா பிரிஞ்சு தெரிஞ்சாத்தான் அந்த டோன் மேடைக்கு உதவும்.

இது ஏன்னு கொஞ்சம் சொல்றேன். பேஸோட அடி ஈ கம்பி சும்மா தட்டினா 41 ஹெர்ட்ஸ், ஏ கம்பி 55. டாப் மட்டும் வச்ச மேடையில இந்த 41 வெளியவே வராது. ஆனா அதுக்கு மேல 82, 123ன்னு அதோட மடங்குகளும் கம்பியிலேர்ந்து சேர்ந்தே வருது, அத கேட்டதும் நம்ம காதே அடியில இருக்கிறத நிரப்பிக்கும். அதனால பேஸ் பாக்ஸ் இல்லாத மேடைன்னா பேஸ் குமிழத் திருகி ஏத்துறது வீண், மைக் செட் ஆம்ப்ளிஃபயர்தான் திணறும். நடுவுல 700லேர்ந்து 1000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கொஞ்சம் ஏத்துங்க, 200 - 300 பக்கம் கொஞ்சம் குறைங்க.

பெடல்ல கம்ப்ரஷர் இருந்தா லேசா போட்டுக்கோங்க, ரேஷியோ 3:1 இல்லன்னா 4:1 போதும். ஆம்ப் இல்லாம நேரா போற சிக்னல்ல ஒரு நோட் பாயும் அடுத்தது பம்மும், கம்ப்ரஷர் அத சமமாக்கும். ஆக்டிவ் பேஸா இருந்தா கிளம்புறதுக்கு முன்னாடி உள்ள பேட்டரிய மாத்திடுங்க.

4. மேடைக்குப் போனதும் மொதல்ல கரண்ட்டப் பாருங்க

வாசிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே இத பண்ணணும். நம்ம ஊரு மேடை பாதி வயல ஒட்டி, இல்லன்னா ஈரமான கோயில் திடல்ல, ஐப்பசி கார்த்திகைன்னா கேக்கவே வேண்டாம். கரண்ட் ஜெனரேட்டர்லேர்ந்தும் வரும், பக்கத்துல உள்ள கம்பத்துலேர்ந்தும் வரும், எர்த் சரியா இருக்கான்னு யாரும் பாத்திருக்க மாட்டாங்க.

நாகப்பட்டினம் பக்கம் ஒரு ஊர்ல மழை விட்ட ராத்திரி, கம்பியில ஒரு கை வச்சுக்கிட்டே கோரஸ் பாட மைக்குக்கிட்ட வாயக் கொண்டு போனேன். உதட்டுல அடிச்சுது பாருங்க, ஒரு நிமிஷம் கண்ணுக்கு எதுவும் தெரியல. கிட்டார் ஒரு எர்த்துல, மைக் இன்னொரு எர்த்துல, நடுவுல நான் பாலமா நின்னிருக்கேன். அன்னிலேர்ந்து மேடை ஏறினதும் எல்லாத்தையும் ஆன் பண்ணச் சொல்லிட்டு மைக் கூண்டு, மைக் ஸ்டாண்டு, கீபோர்டு ஸ்டாண்டு, பெடல மாட்டினப்புறம் பேஸ் கம்பின்னு வரிசையா டெஸ்டர வச்சுப் பாத்துடுவேன். எங்கயாவது எரிஞ்சா அந்தப் பொருளத் தொடாதீங்க, எலக்ட்ரீசியனக் கூப்பிட்டு சரி பண்ணச் சொல்லுங்க, சரியாகுற வரைக்கும் வாசிக்காதீங்க. மேடை லைனுக்கு 30 மில்லியாம்ப் ட்ரிப்பர் (கரண்ட் கசிஞ்சா தானா அணைச்சுடுறது) போட்டிருக்கான்னும் கேளுங்க. கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்ல இது.

முடிஞ்ச வரைக்கும் மிக்சருக்குக் கரண்ட் வர்ற அதே லைன்லேர்ந்து உங்க பெடலுக்கும் எடுங்க, ஹம் (கரண்ட்டால வர்ற ம்ம்ம்னு இரைச்சல்) பாதி அதுலயே போயிடும். பேட்டரியில ஓட்டினா இன்னும் நல்லது. ஹம் வருதுன்னு சொல்லி பிளக்குல எர்த் பின்ன உடைக்கிறவங்கள நான் பாத்திருக்கேன், தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க, உசுரு போயிடும்.

5. கோர்க்கிற வரிசை

கிட்டார், ட்யூனர், ப்ரீஆம்ப் பெடல், அதோட கேனன் அவுட்லேர்ந்து மிக்சரோட மைக் இன்புட். இதுதான் வரிசை. ட்யூனர் முதல்ல வரணும், சுத்தமான சிக்னல் கிடைச்சாத்தான் அது சரியா காட்டும்.

பி38 கேபிள நேரா கொண்டு போய் மிக்சர் லைன் இன்புட்ல சொருகிட்டு "சவுண்டு வருதே, இது போதாதா"ன்னு கேப்பாங்க. உள்ள பேட்டரி இல்லாத சாதாரண பேசிவ் பேஸுக்கு எதிர்ல கிட்டத்தட்ட 1 மெகா ஓம் இன்புட் வேணும், மிக்சர் லைன் இன்புட் பொதுவா 10 கிலோ ஓம் பக்கம்தான் இருக்கும், அங்க சொருகினா பிக்கப்ப (கம்பி அதிர்வ சிக்னலா மாத்துறது) அமுக்கிப் பிடிச்ச மாதிரி ஆகி மேல இருக்கிற தெளிவெல்லாம் போயிடும், போர்வைக்குள்ளேர்ந்து வாசிக்கிற மாதிரி கேக்கும். டிஐ பாக்ஸ் இருக்கிறதே இந்த வித்தியாசத்தச் சரிக்கட்டத்தான்.

சொருகுறதுக்கு முன்னாடி "அண்ணே, என் சேனல கொஞ்சம் கீழ இறக்குங்க"ன்னு சொல்லிட்டு அவர் தலையாட்டினப்புறம் சொருகுங்க. உங்க டிஐ ஃபேன்டம்ல (மிக்சர்லேர்ந்து கேனன் கேபிள் வழியாவே வர்ற 48 வோல்ட் கரண்ட்) ஓடுறதுன்னா, சொருகினப்புறம் 48 வோல்ட் போடச் சொல்லி அஞ்சாறு செகண்ட் விட்டு ஃபேடர (சேனல் சவுண்ட ஏத்தி இறக்குற தள்ளு குமிழ்) ஏத்தச் சொல்லுங்க. வரிசை மாறினா பெரிய வெடி மாதிரி ஒரு சத்தம் போகும், பாக்ஸே போறதுக்கு வாய்ப்பிருக்கு, அப்படிப் போச்சுன்னா அந்த ஆப்பரேட்டர் உங்கள மறக்கவே மாட்டாரு.

டிஐ கொண்டு வரல, பெடல் கெட்டுப்போச்சுன்னா என்ன பண்றது? மிக்சர்ல ஹை-ஸீ பட்டன் (கிட்டார நேரா சொருகுறதுக்குன்னு இருக்கிறது) இருக்கிற சேனல் எதுன்னு கேளுங்க, இருந்தா அதுல நேரா சொருகலாம், ஆனா மிக்சர் மேடையிலயே பக்கத்துல இருந்தாத்தான். அதுவும் இல்லன்னா லீட் கிட்டார் பையன்கிட்ட இருக்கிற ஏதாவது ஒரு எஃபெக்ட் பெடல வாங்கி, டிஸ்டார்ஷன் இல்லாம, அது வழியா லைன் இன்புட்டுக்குக் குடுங்க. பெரும்பாலான பெடல் ஆன்ல இருந்தா சிக்னலுக்குக் கொஞ்சம் தெம்பு குடுக்கும். கீபோர்டுக்காரரோட சின்ன ஆம்ப்ல மட்டும் சொருகிடாதீங்க, அது பேஸுக்குத் தாங்காது, அடுத்தவர் பொருளு வேற.

6. மிக்சர்ல சொல்ல வேண்டியது

ஆப்பரேட்டருக்குப் பாட்டுக்காரங்க மைக், நாதஸ்வரம், தவில் எல்லாம் அத்துப்படி. பேஸ் கிட்டார் எப்பவாவது வர்ற விருந்தாளி. அதனால அன்பா மூணு விஷயம் சொல்லணும்.

முதல்ல லோ கட், அதாவது அடிச் சத்தத்த வெட்டுற பட்டன். ஒவ்வொரு சேனல்லயும் 80 இல்ல 100 ஹெர்ட்ஸ்னு ஒரு பட்டன் இருக்கும், மைக்குல காத்துச் சத்தம் வராம இருக்க எல்லா சேனலுக்கும் மொத்தமா அமுக்கி வச்சிருப்பாங்க. உங்க சேனல்லயும் அது அமுங்கி இருந்தா 41, 55 எல்லாம் வாசல்லயே நின்னுடும். ஒரு மணி நேரம் டோன மாத்தி மாத்திப் பாத்து, கடைசியில இந்த ஒரு பட்டன்தான் காரணம்னு கண்டுபிடிச்ச மேடை எனக்கே ரெண்டு மூணு இருக்கு. இப்பல்லாம் நான் போனதும் பாக்குற முதல் இடம் அதுதான்.

அடுத்தது கெய்ன், மிக்சருக்குள்ள வர்ற சிக்னலோட அளவு. நீங்க எவ்வளவு பலமா வாசிப்பீங்களோ அவ்வளவு பலமா தட்டிக் காட்டுங்க, சிவப்பு லைட் எரியாத அளவுக்கு கெய்ன் வைக்கச் சொல்லுங்க. செக்குல மெதுவா தட்டிட்டு கச்சேரியில பலமா வாசிச்சா கர்ருனு கிழியும். கெய்ன் அடி வரைக்கும் இறக்கியும் சிவப்பு எரிஞ்சா பெடல்ல பேட் பட்டன் (சிக்னல குறைக்கிறது) இருந்தா அத அமுக்குங்க.

மூணாவது, எக்கோவும் ரிவெர்பும் உங்க சேனல்ல சுத்தமா பூஜ்யம். பாட்டுக்கு அது அழகு, பேஸுக்குப் போட்டா சேறு மாதிரி ஆகிடும்.

ஹம் இருந்தா டிஐயில கிரவுண்ட் லிஃப்ட் பட்டன (சிக்னல் கேபிளோட எர்த்த மட்டும் பிரிக்கிறது) மாத்திப் பாருங்க. சில பாக்ஸ்ல அத அமுக்கினா ஃபேன்டம் வேலை செய்யாம போயிடும், அதுக்குத்தான் 9 வோல்ட் பேட்டரி வச்சுக்கச் சொன்னேன். ஜாஸ் பேஸ் மாதிரி ரெண்டு சிங்கிள் காயில் பிக்கப் உள்ளதா இருந்தா ரெண்டு வால்யூமையும் முழுசா வைங்க, ஒண்ணோட ஹம்ம இன்னொண்ணு அடிச்சுடும். சீரியல் லைட்டுக்குப் பக்கத்துல நிக்காதீங்க, நின்ன இடத்துலயே கொஞ்சம் திரும்பி நின்னாக்கூட இரைச்சல் குறையுறது நல்லா தெரியும்.

7. நமக்குக் கேக்க வைக்கிறது

இந்தப் பகுதிய ரெண்டு தடவ படிங்க. பாபநாசம் பக்கம் ஒரு மாரியம்மன் திருவிழாவுல புதுப் பையன் ஒருத்தன், சவுண்டு வெளிய அருமையா போகுது, அவனுக்கு மட்டும் ஒண்ணும் கேக்கல. கேக்கலன்னதும் இன்னும் பலமா இழுக்குறான், இழுக்க இழுக்க சுருதி மேல ஏறுது, வேகமும் ஏறுது, டோலக்காரர் திரும்பித் திரும்பிப் பாக்குறாரு. மூணாவது பாட்டு முடியுறதுக்குள்ள ஆள்காட்டி விரல் நுனியில கொப்புளம். அவன் நல்லா வாசிக்கிற பையன், காதுக்கு வழி பண்ணாம மேடை ஏறினதுதான் தப்பு.

முன்னாடி இருக்கிற பாக்ஸ்லேர்ந்து வர்ற சவுண்ட கேட்டு வாசிக்கலாம்னு நினைக்காதீங்க. சத்தம் ஒரு மீட்டர் நடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகும். எதிர்ல கோயில் மதில்லயோ தெருக்கோடி வீட்டுச் சுவத்துலயோ பட்டு 30 மீட்டர் சுத்தி வந்தா 90 மில்லிசெகண்ட் லேட்டு, அத கேட்டு வாசிச்சா நீங்க பின்னால பின்னால போயிட்டே இருப்பீங்க. பேஸ் பாக்ஸ் பக்கத்துல நின்னாலும் சரி வராது. 41 ஹெர்ட்ஸோட அலை நீளம் 8 மீட்டருக்கு மேல, ஒரு இடத்துல நின்னா கேக்கும், கொஞ்ச தூரம் தள்ளிப் போனா காணாமப் போகும்.

நான் பண்றது இதுதான். பெடல்ல கேனன் அவுட் மிக்சருக்குப் போகுது, அதே பெடல்ல பி38 அவுட் சும்மாதானே இருக்கு, அதுலேர்ந்து பெல்ட்டுல இருக்கிற ஹெட்போன் ஆம்புக்கு ஒரு கேபிள். அங்கேர்ந்து இயர்போன். இப்ப யார் தயவும் இல்லாம என் பேஸ் எனக்குக் கேக்குது, மிக்சர்ல என்ன பண்ணினாலும் இது மாறாது.

இதுல ஒரு குறை, பேஸ் மட்டும்தான் கேக்கும், மத்தவங்க வாசிக்கிறது கேக்காது. அதனால ஒரு காதுல இயர்போன், இன்னொரு காது திறந்து டோலக், ரிதம் பேட் பக்கம் இருக்கிற மாதிரி நில்லுங்க. ஒரு காதுல மட்டும் கேக்கும்போது நம்மள அறியாம வால்யூம ஏத்திட்டே போவோம், அது காதுக்குக் கெடுதல். ஆரம்பத்துலயே ஒரு அளவு வச்சு குமிழுக்கு டேப் ஒட்டிடுங்க.

ஆப்பரேட்டர்கிட்ட ஒரு ஆக்ஸ் அவுட் (மிக்சர்லேர்ந்து தனியா கலந்து எடுக்குற அவுட்) காலியா இருந்தா இன்னும் நல்லது. அதுல உங்க பேஸ், தாளம், பாட்டு மூணும் கலந்து வாங்கி ரெண்டு காதுலயும் போட்டுக்கலாம். அப்படிக் கேக்கும்போது ப்ரீ ஃபேடர்ல (ஃபேடருக்கு முன்னாடியே எடுத்து) குடுங்கன்னு கண்டிப்பா சொல்லணும். போஸ்ட் ஃபேடர்ல குடுத்தா அவர் வெளிய சனத்துக்காக உங்கள இறக்கும்போது உங்க காதுலயும் இறங்கிடும், மறுபடி அந்தப் பையன் கதைதான்.

தரை மானிட்டர் மட்டும்தான் கிடைக்கும்னா முகத்தப் பாத்து சாஞ்சிருக்கணும், காலுக்கு நேரா இருந்தா முட்டிக்குத்தான் கேக்கும். அதுல அடிநாதம் கேக்காதீங்க, 12 இன்ச் மானிட்டர்ல அது வராது, நடுச் சுருதிய ஏத்தித் தரச் சொல்லுங்க, நோட் தெரிஞ்சா போதும்.

8. சவுண்ட் செக்

தாளத்தோட சேர்ந்து பேஸ முதல்ல வாங்குங்க, பாட்டுக்காரங்க அப்புறம். அடி ரெண்டும் சரியா உக்காந்தப்புறம் மேல பாட்ட வச்சா அவங்களுக்கே சுகமா இருக்கும். ஈ கம்பியிலேர்ந்து ஜி கம்பி வரைக்கும் ஒரே பலத்துல மெதுவா ஏறிப் பாருங்க, எங்கயாவது ஒரு நோட் மட்டும் மேடை பலகையோட சேர்ந்து அதிரும், அந்த இடத்த மட்டும் குறைக்கச் சொல்லுங்க.

காலி மைதானத்துல கேக்குற மாதிரியே சனம் வந்தப்புறமும் கேக்காது, செக்லயே ரொம்ப இறக்கிடாதீங்க. கூட வந்த யாரையாவது பத்தாவது வரிசையில நிக்க வச்சு போன்ல ரெக்கார்டு பண்ணச் சொல்லி இயர்போன்ல கேளுங்க. போன் ஸ்பீக்கர்ல கேட்டுட்டு பேஸே இல்லன்னு ஆப்பரேட்டர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க.

9. நடுவுல சவுண்டு நின்னா

பதறாம கிட்டார்லேர்ந்து மிக்சர் பக்கமா ஒவ்வொண்ணா பாருங்க. கிட்டார் வால்யூம், பேட்டரி, முதல் கேபிள், பெடல் லைட், அப்புறம் கேனன். இயர்போன்ல உங்களுக்குக் கேக்குது வெளிய மட்டும் போகலன்னா உங்க பக்கம் சரி, கேனன் கேபிளோ மிக்சரோதான், ஆப்பரேட்டருக்கு கை காட்டுங்க. உங்களுக்கே கேக்கலன்னா உங்க பக்கம்தான், மொதல்ல கேபிள மாத்துங்க, ஆனா புடுங்குறதுக்கு முன்னாடி ட்யூனர் பெடல மிதிச்சு மியூட் பண்ணிடுங்க.

கச்சேரி நடக்கும்போது பெடல் லெவல் குமிழத் தொடாதீங்க, அவர் அங்க ஒரு அளவு வச்சிருப்பாரு, நீங்க இங்க ஏத்தினா அவர் இறக்குவாரு, அப்படியே போயிட்டே இருக்கும். ஏத்துறது இறக்குறது எல்லாம் விரல்லயே பண்ணுங்க.

10. முடிஞ்சதும்

மறுபடி "அண்ணே, என் சேனல இறக்குங்க"ன்னு சொல்லி, 48 வோல்ட்ட ஆஃப் பண்ணச் சொல்லி, அப்புறம் புடுங்குங்க. உங்க கேபிள்ல கலர் டேப் சுத்தி வச்சிருந்தா அவரோட குவியல்ல கலக்காது. ஆக்டிவ் பேஸ்லேர்ந்தும் பெடல்லேர்ந்தும் ஜாக்க கழட்டியே பையில வைங்க, சொருகியே இருந்தா பேட்டரி ராத்திரி முழுக்க ஓடிட்டே இருக்கும். வேளாங்கண்ணி, நாகூர்னு கடலோரத்துல வாசிச்சா துணியால கம்பியையும் பிரிட்ஜையும் அங்கயே துடைச்சுடுங்க, உப்புக் காத்துக்கு சீக்கிரமே கம்பியில துரு ஏறும். பஸ் ஏறுறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு மேடைக்கு அடியில ஒரு தடவ பாத்துடுங்க, என்னோட ட்யூனர் ரெண்டும் அங்கதான் போச்சு.